பின்கதவில் ஒட்டிய ஆள்

சமையலறைத் தரையில் எட்டு வெளிச்சப் பொட்டுகள் கிடந்தன. ஏழுதான் கிடக்க வேண்டும்.

ரோண்டா மடியில் பச்சைத் தகர டப்பாவை வைத்துக்கொண்டு பத்து விரல் நுனியிலும் களிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாட்டு மடி வெடித்தால் தடவுகிற களிம்பு அது. மருந்தும் மெழுகும் கலந்த அதன் வாடை மூக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது. நவம்பர் மாதத்து வெயில் மேற்கே மரங்களுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் நின்று, பின்கதவுக் கண்ணாடி வழியாகச் சாய்ந்து உள்ளே வந்து, பழைய லினோலியம் தரையில் நீளமாக விழுந்தது. அந்த வெளிச்சத்துக்கு நடுவே தலையும் தோளுமாக ஓர் ஆளின் நிழல், நிழலுக்குள் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். நிழலைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. அவள் தம்பி டேல் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போன காகித ஆள்தான் அது. துப்பாக்கி வகுப்பில் அவள் குறி வைத்துச் சுட்ட தாள். ஏழு குண்டு பட்டது, ஏழு ஓட்டை விழுந்தது. தினமும் இந்நேரத்துக்கு ஏழு பொட்டும் தரையில் விழுந்து, மெல்ல நகர்ந்து மேசைக் காலைத் தொட்டு, மங்கிப் போகும்.

இன்று எட்டாவதாக ஒன்று, வலது தோளுக்குக் கீழே கிடந்தது. மற்ற ஏழைப் போலவே வட்டம், அதே அளவு.

"கிழிஞ்சிருக்கும், வேறென்ன" என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுந்தாள். வீட்டில் தனியாக இருந்து இருந்து வாய்விட்டுப் பேசுகிற பழக்கம் வந்துவிட்டது. கதவுக்குப் போய்த் தாளை விரலால் தடவிப் பார்த்தாள். தொண்டையில் ஒன்று, இடது தோளில் இரண்டு, வயிற்றில் நான்கு. மொத்தம் ஏழு. வலது தோளுக்குக் கீழே தாள் முழுசாக, கரிய மை மினுங்க, கீறல் இல்லாமல் இருந்தது. கண்ணாடியிலும் எதுவும் இல்லை. அவள் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று தாளை முழுக்க மறைத்தாள். தரையில் ஏழு பொட்டும் அணைந்தன. காகித ஆளின் நிழல் போய் அவள் நிழல் விழுந்தது, கனத்த இடுப்பும் கலைந்த தலையுமாக.

அந்த நிழலுக்குள், வலது தோளுக்குக் கீழே, எட்டாவது பொட்டு மட்டும் அணையாமல் எரிந்தது.

ரோண்டா அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. குளிர்பெட்டி உறுமி நின்றது. கீழ் அறையில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பின் தகரக் குழாய்கள் சூடேறி டிக் டிக் என்று தட்டின. கொஞ்சம் முன்னால் காட்டுப் பக்கமிருந்து ஒற்றை வேட்டுச் சத்தம் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மான் வேட்டை பதினைந்தாம் தேதி தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரம் ஊரில் ஒவ்வொருவனும் துப்பாக்கியின் குறி சரியாக இருக்கிறதா என்று சுட்டுப் பார்ப்பான். மிச்சிகன் மாநிலத்தின் இந்தப் பக்கத்தில் நவம்பரில் வேட்டுச் சத்தத்துக்கு யார் தலை திருப்புவார்கள்? வெயில் இறங்கியது. பொட்டு மங்கியது. அவள் விளக்கைப் போட்டுவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் செப்டம்பரில் வந்த அந்த ஆள்தான்.

அன்றும் இதேபோல உருளைக்கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏதோ வெளிச்சம் மறைகிறதே என்று நிமிர்ந்து பார்த்தால் பின்கதவுக் கண்ணாடியில் ஓர் ஆள், இரண்டு கையையும் கண்ணோரம் குவித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பின் தெரியாத முகம். அவளைப் பார்த்ததும் ஓடவில்லை. கைப்பிடியைத் திருகினான். தாழ்ப்பாள் போட்டிருந்தது. மறுபடியும் திருகினான், அவசரமே இல்லாமல், தன் வீட்டுக் கதவு கொஞ்சம் இறுகிப்போனதுபோல. அவள் ஷெரிப் அலுவலகத்தைக் கூப்பிட்டுவிட்டுக் குளியலறையில் பூட்டிக்கொண்டு, தொட்டிக்குள் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரன் வந்து சேர நாற்பத்துமூன்று நிமிடம் ஆனது. வந்தவன் டார்ச் அடித்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரும் இல்லையே மேடம்" என்றான். யாரும் இல்லை என்பது தெரிய நாற்பத்துமூன்று நிமிடமா! நெருங்கின பக்கத்து வீடு அரை மைல். கணவன் போய் ஆறு வருடம் ஆகிறது. அவன் செத்தெல்லாம் போகவில்லை, தெற்கே வேறொருத்தியுடன் சௌக்கியமாக இருக்கிறான்.

"அக்கா, பேசாம பர்மிட் எடு" என்றான் டேல். "ஒரு சின்னத் துப்பாக்கி. கோட்டுக்குள்ள போட்டுக்கோ. கடைக்குப் போனாலும் கூடவே இருக்கும். எவன் வந்து கதவத் திருகுறான்னு பாத்துடலாம்."

பர்மிட்டுக்கு முதலில் ஒருநாள் வகுப்பு. ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஹூக்ஸ்ட்ரா காலை முழுக்கச் சட்டம் பேசினார், மத்தியானம் சுடச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் புதுத் தாள் ஒன்றை மாட்டிப் பத்துக் குண்டு கொடுத்தார். தாளில் தலையும் உடம்புமாகக் கரிய ஆள். முகம் கிடையாது. டேலின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போயிருந்தாள்; அது கையை உதறியது, ஒவ்வொரு வெடிக்கும் கண் தானாக மூடிக்கொண்டது. ஏழு பட்டது. ஏழு போதும், பாஸ் என்று ஹூக்ஸ்ட்ரா தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"மிச்சம் மூணு எங்க போச்சு?" என்று அவள் கேட்டாள்.

"எங்கயோ போய்த்தான் இருக்கும்." பின்னால் இருந்த மண்மேட்டைக் கையால் காட்டினார். "ஆனா காலைல சொன்னேனே, ஞாபகம் இருக்கா? பட்ட குண்டு மட்டும் இல்லம்மா, படாத குண்டும் உங்க பேர்லதான். அது எங்க போய் நின்னாலும் நீங்கதான் பொறுப்பு."

கூட இருந்த பதினொரு பேரும் தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இங்கே அது வழக்கம். சிலர் வண்டிக் கொட்டகையில் மாட்டுவார்கள், சிலர் குளிர்பெட்டிக் கதவில் பிள்ளை வரைந்த படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவார்கள். டேல் சிரித்துக்கொண்டே அவளுடையதைப் பின்கதவுக் கண்ணாடியில், வெளியே பார்க்கும்படி ஒட்டினான். "இனிமே எவனாச்சும் எட்டிப் பாத்தா, எங்கெங்க சுடுவேன்னு அவனே தெரிஞ்சுக்கட்டும்!"

அந்த வாரக் கடைசியில் மகன் ட்ரெவர் வந்தான். இருபத்துமூன்று வயது, இரண்டு மணி நேரத் தொலைவில் நாற்காலித் தொழிற்சாலையில் வேலை. வருகிறேன் என்று ஒரு நாளும் போன் செய்து சொன்னதில்லை. பின்பக்கமாக வருவான், பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிற சாவியை எடுத்துத் திறந்துகொண்டு நேராக வந்து குளிர்பெட்டிக்குள் தலையை விடுவான். அன்றைக்குக் காகித ஆளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னம்மா இது அசிங்கம்?"

"எனக்குப் பாதுகாப்பு."

"துப்பாக்கி வாங்கப் போறியா?"

"பர்மிட் வரட்டும்."

அவன் தலையை இடப்பக்கம் சாய்த்து, வலது காதை அவளுக்குக் கொடுத்துக் கேட்டான். நான்கு வயதில் வந்த காய்ச்சல் இடது காதைத் தின்றுவிட்டது. எதையும் கவனமாகக் கேட்க வேண்டுமென்றால் அப்படித்தான் நிற்பான்.

"சரி, இத மட்டும் யோசிச்சுப் பாரு. நான் எப்பவும்போல வருவேன். நீ உள்ளருந்து 'யாரு'ன்னு கேப்ப. எனக்குக் கேக்காது. நான் பாட்டுக்குக் கைப்பிடியத் திருகுவேன். அப்புறம்?"

"போன் பண்ணிட்டு வா! ஒரு போன்! அதுக்குக்கூட உனக்கு வலிக்குதா? நான் தொட்டிக்குள்ள ஒளிஞ்சு கெடந்தப்ப நீ எங்கடா இருந்த? இது என் வீடு. உள்ள வரணும்னா கேட்டுட்டு வா!"

அவன் கையிலிருந்த சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்காமல் மேசைமேல் வைத்தான். வேட்டைத் தொடக்கத்துக்கு மாமாவோடு காட்டில் கூடாரத்துக்கு வருவதாக இருந்தவன், இந்த வருடம் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சாவி இன்னும் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

சரி, அவன்தான் அப்படி. சர்க்காராவது ஒழுங்காக நடந்துகொண்டதா? விண்ணப்பம் கொடுத்து, விரல் ரேகை கொடுத்து, ஒரு வாரம் கழித்துக் கடிதம் வருகிறது: ரேகை தெளிவாக இல்லை, திரும்ப வரவும். நெடுஞ்சாலை விடுதியின் சலவை அறையில் பத்தொன்பது வருடமாகப் பிறர் படுத்த விரிப்பை வெளுப்புக் காரத்தில் முக்கி எடுக்கிறவளுக்கு ரேகை எங்கிருந்து இருக்கும்? அதற்குத்தான் டேல் சொன்ன இந்த மாட்டுக் களிம்பு. நாலைந்து நாள் தேய்த்தால் தோல் பழையபடி வருமாம். கடிதம் வந்த அன்றைக்கே, போனால் போகிறது, இன்னொரு தடவை போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள். எட்டாவது பொட்டு விழுந்ததும் அன்றைக்குத்தான்.

இரண்டாம் தடவை போனபோது ஷெரிப் அலுவலகத்தில் லின் என்கிற பெண் அவள் விரல்களை ஒவ்வொன்றாக ரேகை இயந்திரத்தின் கண்ணாடியில் உருட்டினாள். இயந்திரம் ஒவ்வொரு விரலுக்கும் சிவப்பு விளக்குக் காட்டி டொய்ங் என்றது. களிம்பைத் துடைத்தார்கள். டொய்ங். கையைக் கழுவினாள். டொய்ங். வரிசையில் நின்ற ஆள் பெருமூச்சு விட்டது ரோண்டாவின் பிடரியில் பட்டது.

"உங்களுக்கு விரலே இல்லைங்குது இது" என்றாள் லின், சிரிக்காமல்.

"அப்ப இதெல்லாம் என்ன, காரட்டா?"

"நான் என்னம்மா பண்ணட்டும்? பதினாறாம் தேதி புது மெஷின் வருது. வாங்க."

"நாளைக்கு வரட்டுமா? இல்ல பதினஞ்சு?"

"பதினஞ்சா!" லின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வேட்டை தொடங்குற அன்னைக்கு இங்க யார் இருப்பா? நானே துப்பாக்கியோட மரத்துமேல இருப்பேன்."

வண்டியில் உட்கார்ந்து ஸ்டீரிங்கை இரண்டு தட்டுத் தட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். ஒருவன் முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் திருகுவதற்கு எந்த ரேகையும் வேண்டாம். அவள் தன் வீட்டில் பயமில்லாமல் கிழங்கு கழுவுவதற்கு எத்தனை தடவை கையை நீட்ட வேண்டியிருக்கிறது! விட்டுவிடலாமா என்று ஒரு மனம் சொன்னது. ட்ரெவரின் சாய்ந்த தலை நினைவில் வந்தது. உடனே கண்ணாடியில் குவிந்த இரண்டு கைகளும் வந்தன. இல்லை, பதினாறாம் தேதி போகிறேன், போயே தீருவேன் என்று சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது காட்டில் ஒரு வேட்டு. அவள் உடனே தரையைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஒன்பது.

ஒன்பதாவது நிழலின் தலையில், இடது காது இருக்க வேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. சமையலறை முழுக்க மெல்லிய கருகல் வாடை. வகுப்பில் பத்துக் குண்டும் தீர்ந்தபிறகு அவள் சட்டைக் கையில் ஒட்டியிருந்த அதே வாடை. அவள் போய்த் தாளின் தலையைத் தடவிப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே ஓட்டை இருக்காது என்று தெரியும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டாள். தாளைக் கிழித்து எறிந்துவிட்டால் என்ன என்றும் தோன்றியது. ஆனால் கிழித்தால் கண்ணாடி காலியாகிவிடும். காலிக் கண்ணாடியில் எந்த முகம் வந்து நிற்குமோ?

பதினைந்தாம் தேதி விடிவதற்கு முன்பே வெடிச் சத்தம் தொடங்கிவிட்டது. முதலில் தூரத்தில் ஒன்று, பிறகு பக்கத்தில் இரண்டு, பிறகு காடு முழுக்க, பாத்திரக் கடையில் அலமாரி சரிந்ததுபோல. பள்ளிக்கூடம் விடுமுறை, விடுதியில் வேலைக்கு ஆள் இல்லை, கடைத்தெருவில் ஈ காக்காய் கிடையாது. ஆண்கள் எல்லாரும், பெண்களில் பாதிப் பேரும், மான் என்று ஒருவரை ஒருவர் சுட்டுவிடாதபடி ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு மரத்துக்கு மரம் உட்கார்ந்திருப்பார்கள். இன்று அவள் அலறினாலும் யாருக்கும் கேட்காது. இன்று அவளே ஒருவனைச் சுட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த இரண்டாவது நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. காப்பியை அப்படியே கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

பகல் முழுக்க அவள் ஒவ்வொரு வேட்டுச் சத்தத்தையும் எண்ணினாள். முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. மூன்று மணிக்கு மேகம் கலைந்து வெயில் வந்தது. மூன்றரைக்கு வெயில் கண்ணாடியைத் தொட்டது. ஒன்பது பொட்டு. ஒன்பதுதான். அவள் கூடத்து வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். களிம்பு தேய்த்த விரல்கள் சட்டையில் ஒட்டின.

நான்கு மணி பத்துக்குப் போன் அடித்தது. டேல்.

"அக்கா, பய வந்து சேந்தானா?"

"எந்தப் பய?"

"ட்ரெவர்தான். சொல்லலையா உங்கிட்ட? நேத்து சாயங்காலம் திடீர்னு கூடாரத்துக்கு வந்து நின்னான். அம்மாகிட்ட ரொம்ப மூஞ்சி காட்டிட்டேன் மாமா, போய்ச் சமாதானம் பண்ணணும்னான். ரெண்டு மணிக்குக் காட்டு வழியா உங்க வீட்டுக்குக் கெளம்பினான். ஒன்றரை மைல்தானே."

ரெண்டு மணி. இப்போது நான்கு பத்து.

"வரலியே, டேல்."

"எங்கயாவது மானப் பாத்துட்டு நின்னுட்டிருப்பான். போன் எடுக்க மாட்டேங்குறான். நடுவுல புதுசா நாலு பேர் வந்து டேரா போட்டிருக்கானுங்க, பாத்ததையெல்லாம் சுடுறானுங்க, அதான் கேட்டேன்... நான் போய்ப் பாக்குறேன். நீ பயப்படாத."

போனை மேசையில் வைத்தாள். சாவிக்குப் பக்கத்தில். பின்கதவைப் பார்த்தாள். காட்டிலிருந்து வருகிறவன் முதலில் பார்ப்பது எதை? அம்மா சுட்ட ஆளை. சமாதானம் செய்ய ஒன்றரை மைல் நடந்து வருகிற பிள்ளைக்கு அவள் வைத்திருக்கும் வரவேற்பு இதுதான். சீ! என்ன பெண்பிள்ளை நான், என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

போதும். பர்மிட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பதினாறாம் தேதி லின் புது இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு அழட்டும். எவனாவது கதவைத் திருகினால் தொட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நாற்பத்துமூன்று நிமிடம்தானே, உட்கார்ந்தால் போகிறது. என் பிள்ளை கேட்காமல் வரட்டும். எப்போதும்போல வரட்டும்.

அவள் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்து வைத்தாள். தாளின் நான்கு மூலையிலும் ஒட்டியிருந்த நாடாவை நகத்தால் கீறி எடுத்தாள். சர்ரென்று தாள் கழன்று வந்தது. கண்ணாடிக்கு அப்பால் பழுப்புப் புல், புல்லுக்கு அப்பால் காடு, காட்டுக்கு மேல் சிவந்த வெயில். யாரும் இல்லை. இத்தனை நாளில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. தாளை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். சமையலறையின் மறு கோடியில் இருந்த குப்பைக்கூடையில் அதை அமுக்கி, மேலே கிழங்குத் தோலைப் போட்டு மூடினாள்.

திரும்பினாள்.

தரையில் தலையும் தோளுமாக நிழல். ஒன்பது பொட்டு.

தாள் கூடையில். கை வெறுங்கை. கண்ணாடியில் எதுவும் இல்லை, இப்போதுதான் பார்த்தாள், எதுவும் இல்லை.

அவள் கண்ணைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை. தரையையே பார்த்தாள். தொண்டையில் ஒன்று. இடது தோளில் இரண்டு. வயிற்றில் நான்கு. வலது தோளுக்குக் கீழே ஒன்று. காதில் ஒன்று.

குளிர்பெட்டி நின்றது. வெப்பக் குழாய்கள் அடங்கின.

காட்டில் ஒரு வேட்டு. பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

நிழலின் நெஞ்சுக்கு நடுவில் பத்தாவது பொட்டு திறந்தது. வட்டமாக. மற்றவற்றைவிட வெளிச்சமாக.

கருகல் வாடை.

பிறகு நிழலின் தலை அசைந்தது. காகிதத் தலை அசையாது. இது அசைந்தது. மெல்ல, இடப்பக்கமாக, தோளை நோக்கிச் சாய்ந்து நின்றது. எதையோ கவனமாகக் கேட்பதுபோல.

"ட்ரெவர்" என்றாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும்.

கைப்பிடி திரும்பியது. தாழ்ப்பாள் இல்லாத கதவு கீச்சிட்டுத் திறந்தது. குளிர்ந்த காற்றும் ஈர இலை வாசனையும் உள்ளே வந்தன. நிழல் நீண்டது. பத்துப் பொட்டும் தரையைத் தாண்டி, மேசைக்கு அடியில் புகுந்து, அவள் கால் மேல் ஏறின. முழங்கால். இடுப்பு. நெஞ்சு. ஒவ்வொன்றும் இளஞ்சூடாக இருந்தது, பத்து விரல் நுனி பட்டதுபோல.

மேசையில் போன் அடித்தது. டேல். அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

வாசலில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு ட்ரெவர் நின்றான், வலது காதை அவள் பக்கம் கொடுத்து. காலணியில் சேறு. முகத்தில் வலி எதுவும் இல்லை. ரத்தமும் இல்லை. பத்து இடத்தில் சட்டையும் இல்லை, அவனும் இல்லை; அந்தப் பத்து வட்டங்களுக்குள் பின்னால் இருந்த காடு தெரிந்தது, மரமும் கிளையும் சிவந்த வானமுமாக. நெஞ்சு நடுவில் இருந்த வட்டத்தில் தொலைவில் ஆரஞ்சுச் சட்டையோடு ஓடுகிற மனிதர்கள்கூடத் தெரிந்தார்கள். ஒருவன் குனிந்து தரையில் கிடந்த எதையோ புரட்டிப் பார்த்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான்.

ட்ரெவர் வாசற்படியைத் தாண்டவில்லை. இருபத்துமூன்று வருடத்தில் ஒருதடவைகூடக் கேட்காதவன் கேட்டான்.

"உள்ள வரலாமா, அம்மா?"

கேட்டுவிட்டு, தலையைச் சாய்த்து, அவள் பதிலுக்காக நின்றான்.